சிறு விமானத்துக்கு வெயிலும் மழையும்

புதிய தகரத்தைக் கூரையில் அடித்த அன்று அது வெள்ளித் தட்டுப்போல் மின்னும். நாலைந்து மாரி கழிந்தபின் அதே கூரையை எதிர்க் குன்றிலிருந்து நோக்கினால், எந்த ஆணி சரியாக இறுகவில்லை, எந்த மூலையில் நீர் தேங்குகிறது, அடுப்படிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பனவற்றை ஏணி வைத்து ஏறாமலே சொல்லிவிடலாம். ஹற்றன், நுவரெலியாத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குக் கூரையை இவ்வாறு வாசிப்பது தானாகவே கைவந்த கல்வியாகும். விமானங்களின் சிற்றுருவங்களைச் செய்து, அவற்றின்மீது காலத்தின் கறையைத் தீட்டும் கலைக்கு இந்தக் கல்வியே முதற்பாடம். ஆயினும், அதே கல்வி ஓரிடத்தில் கையைத் தவறான வழியில் இழுத்துச் செல்லவும் கூடும். இரண்டையும் விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

சிற்றுருவ விமானம் என்பது பறப்பதற்காக அல்லாமல் பார்ப்பதற்காகச் செய்யப்படுவது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உறுப்புகள் ஒரு பெட்டியில் வரும். அவற்றை வெட்டி, அராவி, ஒட்டி, வர்ணந் தீட்ட வேண்டும். 1936ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் 'ஃப்ரொக் பெங்குவின்' என்னும் பெயரில் இத்தகைய பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. 1950களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் இந்தப் பொழுதுபோக்கை உலகெங்கும் பரப்பியது. இவற்றில் மிகப் பழகிய அளவு எழுபத்திரண்டில் ஒன்று. உண்மையில் ஆறடி நீளமுள்ளது சிற்றுருவத்தில் ஓர் அங்குலமாகிவிடும். 40 அடி சிறகு விரிவுள்ள ஹரிக்கேன் விமானம் ஏறக்குறைய ஆறே முக்கால் அங்குலத்துக்குள் அடங்கி, உள்ளங்கையில் வந்து அமர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்த ஒருவர், பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து வர்ணத்தையும் பிசகாமல் தீட்டிவிடுகிறார் என்று கொள்வோம். உருவம் சரி, நிறம் சரி, அடையாளக் குறிகள் சரி. ஆனாலும் அது விளையாட்டுப் பொருள்போலவே தோன்றும். காரணம் எளிது: அதன்மேல் ஒரு நாள்கூடக் கழியவில்லை. உண்மை விமானம் வெயிலில் நின்றது, மழையில் நனைந்தது, அதன் சிறகின்மேல் மனிதர் சப்பாத்துக் காலோடு ஏறினர், பொறி புகை கக்கியது, பெற்றோல் நிரப்பும்போது வழிந்தது. இவற்றின் அடையாளங்களை வர்ணத்தாலேயே உண்டாக்கும் முறையை ஆங்கிலத்தில் 'வெதரிங்' என்பர். தமிழில் காலக்கறை தீட்டுதல் என்று சொல்லலாம். 1970களில் மொனோகிராம் நிறுவனத்தின் பெட்டிகளோடு, ஷெப் பெயின் என்னும் அமெரிக்கக் கலைஞரின் சிறு விளக்கத் தாள்கள் வெளிவந்தன. பார்த்துச் செய்யக்கூடிய ஒரு வித்தையாக இதனைச் சாதாரண மக்கள் கைக்கொள்ளத் தொடங்கியதில் அத்தாள்களுக்குப் பெரும் பங்குண்டு.

கறை தீட்டக் கற்கும் ஒருவர் தூரிகையை எடுக்குமுன் ஒரு வாரமேனும் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருத்தல் நலம். மலையகத்தில் அதற்குக் குறைவில்லை. கூரைத் தகரம் என்பது இரும்புத் தகட்டின்மேல் நாகம் பூசியது. முதலில் பளபளப்பு மங்கி, நாகத்தின்மேல் வெண்பொடி படியும். அந்த நாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கின்றது. ஆணி துளைத்த இடத்திலும் வெட்டிய விளிம்பிலும் காவல் முதலில் குறைகின்றது. ஆகவே செந்துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். பிறகு மழைநீர் அந்தத் துருவைக் கரைத்துக் கீழே இழுத்துச் செல்லும். ஆணித் தலையிலிருந்து தொடங்கிக் கீழே செல்லச் செல்ல மெலிந்து மறையும் செங்கோடு இவ்வாறு உண்டாகிறது. இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஈரம் ஒளிந்திருப்பதால், அங்கே துரு பட்டையாகப் படரும். லயத்துச் சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். கூரைத் தண்ணீர் விழுந்து தெறிக்கும் உயரம் அது. வட்டவளைப் பக்கம் மழை மிகுதி. ஆகவே பாசியும் மிகுதி.

தேயிலைத் தொழிற்சாலைகளும் நல்ல ஆசிரியர்களே. பல மாடிகள் உயர்ந்து, பக்கங்களில் தகரம் போர்த்தி, வெள்ளிநிற அலுமினிய வர்ணம் தீட்டப்பெற்ற அக்கட்டடங்களை மலைச்சரிவுகளில் எங்கும் காணலாம். தூரத்தில் ஒரே வெள்ளியாகத் தோன்றும் அந்தச் சுவர், அருகே செல்லும்போது நூறு சாயல்களாகப் பிரிந்துவிடும். வெயில் படும் பக்கம் வெளிறியிருக்கும். வாட்டும் மாடங்களின் யன்னல்களுக்குக் கீழே நீர்க்கோடுகள் இறங்கியிருக்கும். புகைபோக்கிக்கு அருகே கரி படிந்திருக்கும். அண்மையில் மாற்றிய ஒரு தகரம் மட்டும் ஒட்டுத்துணிபோல் தனித்து மின்னும். ஒரே வர்ணம் எங்கும் ஒரே வர்ணமாக இருப்பதில்லை என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நூல் கிடைப்பது அரிது.

வர்ணம் வெளிறுவதற்கும் காரணமுண்டு. சூரியனின் புறவூதாக் கதிர்கள் வர்ணத்தைப் பிணைத்து வைத்திருக்கும் பசையைச் சிதைக்கின்றன; நிறப்பொடி மட்டும் மேலே தளர்ந்து நிற்கின்றது. பழைய கதவைத் தடவினால் விரலில் வெண்பொடி ஒட்டுவது இதனாலேதான். ஆயிரம் மீற்றர் உயரே ஏறினால் இக்கதிர்கள் ஏறக்குறைய 10 வீதம் கூடும் என்பர். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் முகில் இல்லாத நாளின் வெயில், குளிர்ந்த காற்றினால் மென்மையாகத் தோன்றினாலும், வர்ணத்தின்மேல் கடுமையாகவே நடந்துகொள்ளும். உயரே பறக்கும் விமானத்துக்கு எத்தகைய வெயில் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, இந்தக் கல்வி வழிதவறும் இடம். தகரத்தைப் பார்த்துப் பழகிய கண், முதுமை என்றால் துரு என்று எண்ணிவிடுகிறது. புதிதாகக் கற்பவர் தம் சிறு விமானத்தின் சிறகெங்கும் செங்காவி நிறத்தை வாரித் தெளித்துவிடுவார். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் விமானத்தின் மேனி பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியம் செந்துரு பிடிப்பதில்லை. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகி, உள்ளேயுள்ள உலோகத்தைக் காத்துக்கொள்ளும். கடலுப்புப் போன்றவை அதனை அரித்தாலும், வெளிப்படுவது வெண்சாம்பற் பொடியே. வர்ணம் உரிந்த இடத்தில் தெரிவது மங்கிய வெள்ளி. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஆக்கப்பட்ட பல விமானங்களில் மேல் வர்ணத்துக்கும் உலோகத்துக்கும் இடையே, நாகக் குரோமேற்று என்னும் பசுமஞ்சள் அடிப்பூச்சு இருந்தது; அங்கே கீறல் ஆழமில்லையாயின் வெள்ளியும் தெரியாது, பசுமஞ்சளே தெரியும். துரு நிறத்துக்கு விமானத்தில் இடமே இல்லை என்பதுமில்லை. பொறியின் புகைக்குழாய்கள் உருக்கினால் ஆனவை. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அவை கபிலமும் ஊதாவும் கலந்த நிறம் பெறுகின்றன. செங்காவியை அங்கே வைத்தால் அது உண்மை. சிறகில் வைத்தால் பொய்.

கூரையின் கறைக்கும் விமானத்தின் கறைக்கும் இன்னொரு வேறுபாடு, திசை. கூரையில் எல்லாம் கீழ்நோக்கியே ஒழுகும். புவியீர்ப்பு ஒன்றே அங்கு ஆட்சி செய்கிறது. பறக்கும் விமானத்தில் எண்ணெயும் புகையும் காற்றோடு பின்னோக்கி ஓடும். தரையில் நிற்கும்போது கசிந்தவை மட்டுமே கீழ்நோக்கி இறங்கும். ஒரே விமானத்தின் பக்கச் சுவரில் இரு திசைக் கோடுகளும் சேர்ந்து காணப்படலாம். எந்தக் கோடு வானத்தில் உண்டானது, எது தரையில் உண்டானது என்று சொல்ல முடியாமல் கோடு போடுகிறவர், வெறுமனே அழுக்குப் பூசுகிறவரேயாவர்.

தீட்டும் முறைகளுக்கு வருவோம். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்பது ஒரு மயக்கம். ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத்தூரிகை இருந்தால் வசதிதான். இல்லாவிட்டாலும் நல்ல தூரிகை இரண்டும், சமையலறையின் சில பொருள்களும் நெடுந்தூரம் துணைசெய்யும்.

வெளிறிய தோற்றத்துக்குச் சிறு புள்ளிகளின் முறை சிறந்தது. வெள்ளை, மஞ்சட்காவி, நீலம் முதலிய எண்ணெய் வர்ணங்களைக் குண்டூசித் தலையளவு புள்ளிகளாக அங்கங்கே வைத்து, கரைப்பானில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் காற்றோடும் திசையில் இழுத்துவிட வேண்டும். புள்ளிகள் மறைந்துவிடும், ஆனால் கீழுள்ள நிறம் ஓரிடத்தில் வெளுத்தும் ஓரிடத்தில் சூடேறியும் தோன்றும். தொழிற்சாலைச் சுவரின் நூறு சாயல்கள் இவ்வாறே கைவருகின்றன.

அடுத்தது கழுவல். தகடுகள் பொருந்தும் கோடுகளில் அழுக்குத் தங்கியதுபோல் காட்ட, மிக நீர்த்த கருங்கபில வர்ணத்தை அக்கோடுகளில் ஓடவிடுவார்கள். இங்கே தேநீர்க் கோப்பை ஒரு பாடம் சொல்கிறது. மேசையில் சிந்திய தேநீர்த் துளி காய்ந்தால், நடு வெளுத்து விளிம்பு மட்டும் கறுத்து ஒரு வளையமாக நிற்கும். துளியின் விளிம்பில் நீர் விரைவாக ஆவியாவதால், அந்த இழப்பை நிரப்ப உள்ளிருந்து நீர் விளிம்பை நோக்கிப் பாய்கிறது. பாயும்போது துகள்களையும் சுமந்து செல்கிறது. கோப்பித் துளியை வைத்து இதற்குத் தெளிவான விளக்கம் தந்தவர்கள் சிகாகோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆண்டு 1997. மனிதர் நூற்றாண்டுக்கணக்கில் துடைத்துவந்த ஒரு கறைக்கு அத்தனை காலம் விளக்கம் காத்திருந்தது வியப்பே. கழுவலை அகலப் பூசிக் காயவிட்டால் சிறகின்மேல் இதே வளையங்கள் தோன்றிவிடும். ஆகவே நுனித்தூரிகையால் கோட்டில் மட்டும் தொட வேண்டும். நுண்குழாயில் நீர் ஏறுவதுபோல் வர்ணம் தானே கோட்டின் வழியே ஓடிக்கொள்ளும். அதற்கு முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு கை பூசியிருத்தல் அவசியம். மங்கலான பூச்சு சொரசொரப்பானது; அது வர்ணத்தை ஓடவிடாமல் உறிஞ்சிக்கொள்ளும். அடிவர்ணம் நீர்வழி அக்கிரிலிக் ஆகவும் கழுவல் எண்ணெய்வழி வர்ணமாகவும் இருப்பின், மேலது கீழதைக் கரைத்துவிடும் என்ற அச்சமும் இல்லை.

வர்ணம் உரிந்த தோற்றத்துக்கு உப்பு போதும். முதலில் விமானம் முழுவதற்கும் வெள்ளிநிறம் தீட்டி நன்கு காயவிட வேண்டும். உரிய வேண்டிய இடத்தை மட்டும் நீரால் நனைத்து, அதன்மேல் உப்புக் கற்களைச் சிதறவிட வேண்டும். நீர் காய்ந்ததும் உப்பு ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல் உரிய வர்ணத்தைப் பூசி, அது காய்ந்தபின் விரலால் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், உப்பிருந்த இடமெல்லாம் வெள்ளி தெரியும். மனிதக் கை வேண்டுமென்றே வரையும் கீறல் எப்போதும் ஒழுங்காகவே அமைந்துவிடும். உப்பு அந்த ஒழுங்கை உடைத்துவிடுகிறது. பொதி சுற்றும் கடற்பஞ்சில் ஒரு துண்டைப் பிய்த்து, வர்ணத்தில் தொட்டு, காகிதத்தில் பெரும்பகுதியை ஒற்றிவிட்டு, மிச்சத்தைச் சிறகின் முன்விளிம்பில் மெல்லத் தட்டுவது இன்னும் எளிய வழி.

புகைக்கறைக்கு வர்ணச்சுண்ணத்தை அரத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, உலர்ந்த தூரிகையால் தடவுவர். இதிலும் வெறும் கறுப்பை அப்புவது தவறு. பெற்றோல் மிகுந்து காற்றுக் குறைந்த கலவை எரிந்தால் கரி படியும். நெடுந்தூரப் பறப்பில் பெற்றோலைச் சிக்கனப்படுத்தி எரித்தால், அக்காலப் பெற்றோலில் சேர்க்கப்பட்ட ஈயத்தின் விளைவாக வெளிர் சாம்பல் நிறமே படியும். கறையின் நிறம் பயணத்தின் நீளத்தைச் சொல்லிவிடுகிறது.

மலையகத்தில் இவ்வேலை செய்பவர் மூடுபனியையும் கணக்கில் எடுக்க வேண்டும். முகில் வாசற்படிவரை வந்து நிற்கும் நாளில் மங்கல் வார்னிஷ் தெளித்தால், காற்றின் ஈரம் காயும் பூச்சில் படிந்து, விமானம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். பல நாள் உழைப்பு ஒரு நிமிடத்தில் வீணாகும். தை, மாசி மாதங்களின் உலர்ந்த நண்பகல்களே இதற்கு ஏற்றவை. மற்ற மாதங்களில் வெயில் தலைகாட்டும் வரை பொறுத்திருப்பதே புத்தி.

இனி அளவு. மிகத் தேர்ந்தவர்களும் இங்கே சறுக்குவதுண்டு. எழுபத்திரண்டில் ஒன்று என்னும் அளவில், சிறகில் வைக்கும் ஒரு மில்லிமீற்றர் வெள்ளிப் புள்ளி, உண்மை விமானத்தில் 72 மில்லிமீற்றர் அகலமான காயம். ஏறக்குறைய மூன்று அங்குலம். அத்தகைய காயங்கள் ஐம்பதோடு எந்தப் பொறியியலாளரும் ஒரு விமானத்தைப் பறக்க விட்டிருக்க மாட்டார். கறுப்பு மையால் கால் மில்லிமீற்றர் அகலத்தில் தகட்டுக்கோடு வரைந்தால், அது உண்மையில் விரல் நுழையும் பிளவாகிவிடும்.

நிறத்துக்கும் இக்கணக்கு உண்டு. சிற்றுருவத்தை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, உண்மை விமானத்தை 72 அடி தூரத்தில் நின்று பார்ப்பதற்கு ஒப்பாகும். தூரம் நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதை மலையகத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலடியிலுள்ள தேயிலைச் செடி கரும்பச்சை. எதிர்மலைச் செடி இளம்பச்சை. அதற்கப்பால் உள்ளது நீலம். சிவனொளிபாதமலை வானத்தோடு கரையும் சாம்பல். எல்லாம் ஒரே வகைப் பச்சையே. இடையிலுள்ள காற்றுத்தான் மாற்றிவிட்டது. 72 அடிக்கு மாற்றம் சிறிதளவே. ஆயினும் அந்தச் சிறிதளவுக்காக வர்ணத்தில் ஒரு துளி வெள்ளையோ சாம்பலோ கலப்பது வழக்கம். எவ்வளவு கலப்பது என்பதில் இன்றும் கலைஞர்களிடையே வாக்குவாதம் ஓயவில்லை.

இவையெல்லாம் கைத்திறன். இதற்கு மேலே ஒரு பொறுப்பும் உண்டு. அதனை விளக்க இலங்கையின் வானத்திலேயே நிகழ்ந்த ஒரு போர் உதவும்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. இவற்றை எதிர்த்து இரத்மலானை, கொழும்புக் குதிரைப்பந்தயத் திடல், சீனன்குடா ஆகிய தளங்களிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன. விமானிகள் பலர் மீளவில்லை. இந்த ஹரிக்கேன்களைச் சிற்றுருவமாகச் செய்வோர் பலர், வெப்பநாட்டு வெயில் என்று எண்ணி, அவற்றை எலும்பும் தோலுமாகத் தேய்த்து, உரித்து, வெளுத்துவிடுகிறார்கள். ஆனால் 30ஆம், 261ஆம் படைப்பிரிவுகளின் ஹரிக்கேன்கள், 'இண்டொமிட்டபிள்' என்னும் கப்பலிலிருந்து பறந்து இலங்கைக்கு வந்து சேர்ந்தது 1942 மார்ச் முற்பகுதியிலேதான். போர் நாளன்று அவை இலங்கை வெயிலைக் கண்டு ஒரு மாதமளவே ஆகியிருந்தது. ஒரு மாதத்தில் வர்ணம் எவ்வளவு வெளிறும் என்பதை எந்தத் தோட்டத்துக் கதவும் சொல்லும். தூசி படிந்திருக்கலாம், சக்கரங்களில் மண் ஏறியிருக்கலாம், இடப்பக்கச் சிறகின் அடியில், விமானி ஏறி இறங்கும் இடம் தேய்ந்திருக்கலாம். அதற்கு மேல் தீட்டுவது கற்பனை.

ஹரிக்கேனின் உடலமைப்பையும் அறிந்துகொள்ள வேண்டும். அதன் முற்பகுதியும் (பிற்காலப் படைப்புகளில் சிறகும்) உலோகத் தகடு. உடலின் பிற்பகுதியோ சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டி, டோப் என்னும் பூச்சால் விறைப்பேற்றிய துணி. துணி உரிந்து வெள்ளி தெரியாது. பின்னுடலில் வெள்ளிக் கீறல் போட்டவர், விமானத்தைப் படத்தில் மட்டுமே பார்த்தவர் என்பது உடனே வெளிப்பட்டுவிடும். சிறகின் முன்விளிம்பிலுள்ள துப்பாக்கி வாய்களைத் தூசியும் ஈரமும் புகாதபடி துணித் துண்டால் ஒட்டி மூடுவது வழக்கம். அத்துண்டுகள் முழுமையாக இருந்தால் அந்த விமானம் இன்னும் சுடவில்லை. கிழிந்து, சிறகின் அடியில் கரிக்கோடுகள் பின்னோக்கி ஓடியிருந்தால் போர் முடிந்து திரும்பிவிட்டது. அரை அங்குலத்துக்கும் குறைந்த இடத்தில் தீட்டும் வர்ணம், அந்த ஞாயிற்றுக்கிழமையின் எந்த மணியில் அவ்விமானம் நிற்கிறது என்பதை முடிவு செய்துவிடுகிறது.

அதற்கு முந்திய நாள், ஏப்ரல் 4ஆம் திகதி, ஜப்பானியக் கப்பற்படையைக் கடலில் முதலிற் கண்டு செய்தி அனுப்பிய கற்றலினா நீர்விமானத்தின் கதை இன்னும் நுட்பமானது. கனடியப் படையின் 413ஆம் பிரிவைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சால் அதன் தலைவர். செய்தி போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது; உயிர் தப்பியவர்கள் சிறைப்பட்டனர். பேர்ச்சால் கொக்கலைக்கு வந்து சேர்ந்ததோ ஏப்ரல் 2ஆம் திகதிதான். அதற்கு முன் அவருடைய பிரிவு பிரித்தானியாவின் வடகோடியிலுள்ள ஷெட்லண்ட் தீவுகளில் பணியாற்றியது. ஆகவே அந்த விமானத்துக்குத் தீட்ட வேண்டிய கறை, வடகடலின் உப்பும், அங்கிருந்து இலங்கை வரையான நெடும்பயணத்தின் புகையுமே. இரண்டு நாள் இலங்கை வெயிலுக்கு அதில் பங்கு மிகச் சிறிது.

கொக்கலையில் வேறு கற்றலினாக்களும் இருந்தன. 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் கொக்கலைக்குமிடையே குவாண்டாஸ் நிறுவனம் கற்றலினாக்களை இயக்கியது. ஒரே மூச்சில் ஏறக்குறைய 30 மணி நேரப் பறப்பு. பயணிகள் வழியில் இருமுறை சூரியோதயம் கண்டார்கள். பொறிகள் சிறகின் மேலே அமைந்த அந்த விமானத்தில், புகை சிறகின் மேற்புறத்தைத் தழுவி ஓடும். அங்கேதான் மேலே சொன்ன வெளிர் சாம்பற் கறைக்குத் தக்க இடம். வயிற்றுப் புறத்தில் நீர்மட்டக் கோட்டில் உப்புப் படிவு வெண்ணிறமாய் நிற்கும். கற்றலினாவைச் செய்பவர் உப்பின் தொழிலை உப்பாலேயே காட்டலாம்.

எதிர்த்தரப்பிலும் இதே பிழை நிகழ்கிறது. ஜப்பானிய 'சீரோ' விமானம் என்றால் மீன் செதிள்போல் வர்ணம் உரிந்திருக்க வேண்டும் என்பது சிற்றுருவக் கலைஞர் பலரின் நம்பிக்கை. அத்தகைய புகைப்படங்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் போரின் பிற்பகுதியில், பசிபிக் தீவுகளில் கவனிப்பாரற்று நின்ற விமானங்களுடையவை, அல்லது அடிப்பூச்சின்றி வர்ணம் தீட்டப்பட்ட தரைப்படை விமானங்களுடையவை. 1942இல் கப்பல்களிலிருந்து எழுந்த கடற்படைச் சீரோக்கள் அடிப்பூச்சோடு செவ்வையாகத் தீட்டப்பட்டவை; பயிற்சி மிக்க பணியாளர்களால் பேணப்பட்டவை. அன்று கொழும்பின்மேல் வந்தது தேய்ந்துபோன படையன்று. தன் வலிமையின் உச்சியில் நின்ற படை. உரிந்த சீரோவைக் கொழும்பின்மேல் பறக்கவிடும் சிற்றுருவம், எதிர்த்து எழுந்த விமானிகள் எத்தகைய பகையைச் சந்தித்தார்கள் என்பதையே மறைத்துவிடுகிறது.

பயணிகள் விமானங்களுக்குக் கை இன்னும் அடங்க வேண்டும். அவை அடிக்கடி கழுவப்படுபவை; காசில்ரீ நீர்த்தேக்கத்தில் வந்திறங்கிய நீர்விமானங்களும் அவ்வாறே பேணப்பட்டவை. மலையகத்தாரின் நினைவில் நீங்காத விமானம் ஒன்றுண்டு. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டினெயார் நிறுவனத்தின் டீ.சி.-8 விமானம், கொழும்பில் இறங்க வரும்போது மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அவ்விமானத்தை நினைவுக்காக ஒருவர் செய்வாராயின், அதற்குக் கரியும் கீறலும் வேண்டியதில்லை. யாத்திரிகர் ஏறியபோது அது எப்படி நின்றதோ அப்படி, சற்றே மங்கிய வெண்மையோடும் சக்கரக்கூட்டில் ஒரு சிறு எண்ணெய்க் கோட்டோடும் விட்டுவிடுவதே தகும்.

சான்று தேடுபவர் எங்கே செல்வது? இரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஜெட் புரோவோஸ்ட், மிக்-17 முதலிய பழைய விமானங்களை நேரில் காணலாம். உருவத்துக்கும் உறுப்புக்கும் அவை சிறந்த சான்று. நிறத்துக்கும் கறைக்கும் அவற்றை அப்படியே நம்புதல் கூடாது. பொருட்காட்சிக்கு வைக்கும் விமானங்களை மீண்டும் மீண்டும் புது வர்ணம் பூசிப் பேணுவது எங்கும் உள்ள வழக்கம். அக்காலப் புகைப்படமே மேலான சான்று. அதிலும் நாள் குறிக்கப்பட்ட புகைப்படம். கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தை மறைத்தாலும், கறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தெளிவாகவே காட்டும்.

கற்கத் தொடங்குபவர் முதல் முயற்சியை விமானத்திலேயே செய்ய வேண்டியதில்லை. பழைய பால்மா ரின்னிலிருந்து உள்ளங்கையளவு தகடு ஒன்றும், சமையற் பாத்திரம் ஒன்றின் உடைந்த அலுமினிய மூடியில் ஒரு துண்டும் எடுத்து, இரண்டுக்கும் ஒரே வர்ணம் பூசி, ஆணியால் ஒரே மாதிரிக் கீறி, வைகாசி மழை தொடங்குமுன் கூரையோரத்தில் சாய்த்து வைக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, கண்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் வர்ணப் பென்சிலால் வரைந்துவர வேண்டும். ஐப்பசி வருவதற்குள் ஒன்று செந்நீர் வடித்திருக்கும். மற்றது கீறலில் மங்கிய வெள்ளியாகவே நிற்கும். அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கலாம்.